படத்தைக் காட்டினால் பறவையின் பெயர் சொல்லும் செயலி: மைனாவுக்கு நூறு மார்க், உள்ளானுக்கு?

இரண்டு குளிர்காலம், ஒரு கோடை. கோடியக்கரைக்கு இரண்டு தடவை, ஊட்டி கோத்தகிரிப் பக்கம் இரண்டு தடவை, நடுவில் தனுஷ்கோடிக்கு ஒரு தடவை. போன இடத்தில் எல்லாம் எடுத்த பறவைப் படங்களைப் போனுக்கு மாற்றி, படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் இலவசச் செயலி ஒன்றிடம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். சில படங்களை ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, சிலவற்றை அங்கேயே வெயிலில் நின்றுகொண்டு, கேமராத் திரையையே போனால் படம் பிடித்து. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி இதற்குக் கிடையாது, இலவசம்தான். நம்பலாமா என்பதுதான் கேள்வி.

செயலியின் பெயரை எழுதப் போவதில்லை. காசு வாங்காமல் தருகிறார்கள். நான் சொல்லப் போகும் குறைகளில் பாதிக்கு என் கேமராவும் என் பேராசையும்தான் காரணம், அதனால் பெயர் போட்டுத் திட்ட மனசு வரவில்லை. தவிர இங்கே எழுதுவதில் பெரும்பகுதி எந்தச் செயலி வைத்திருப்பவருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நல்லது. ஊர்ப் பறவைகளில் இது அசத்துகிறது. மைனா, கரிச்சான், செம்போத்து, பனங்காடை, மீன்கொத்தி என்று வழக்கமாகக் கண்ணில் படுபவை எல்லாம், படம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும், கிளை குறுக்கே வந்தாலும், வால் மட்டும் தெரிந்தாலும்கூடக் கண்டுபிடித்துவிடும். ஊட்டியில் சோலை ஓரத்தில் எடுத்த நீலகிரி சிரிப்பானையும், கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் அந்தச் சின்ன ஈப்பிடிப்பானையும் நொடியில் சொல்லிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் இல்லாத பறவைகளாயிற்றே, வெளிநாட்டில் செய்த செயலிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகள் ஒரு நாள் படம் அனுப்பினாள். "மாமா, எங்க வீட்டு முருங்கை மரத்துல பருந்து வந்து உக்காந்திருக்கு, வல்லூறுதானே?" சாம்பல் முதுகு, மார்பில் பட்டை பட்டையாக, வாலிலும் பட்டை. நானும் வல்லூறு என்றே பதில் அடிக்கப் போனேன். செயலியில் போட்டால் அக்காக்குயில் என்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் சரிதான், அலகு கொக்கி மாதிரி வளையவில்லை, குயில் அலகாக நீண்டிருக்கிறது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், காலும் இரையைப் பிடிக்கிற கால் இல்லை. வேட்டைப் பறவையைப் போல வேஷம் போட்டுச் சின்னப் பறவைகளை ஏமாற்றுகிற குயில், என்னையும் ஏமாற்றியது, செயலியை ஏமாற்ற முடியவில்லை. அன்றைக்கு இதன் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சம் அதிகமாகிப் போய், அதனால்தான் பின்னால் பட்ட கஷ்டம் எல்லாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துவிடும். படத்தை மட்டும் பார்த்து இது சொல்வதில்லை. எங்கே எடுத்தது, எந்தத் தேதி என்று கேட்கும், அல்லது படத்துக்குள் பதிந்திருப்பதிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அந்த வட்டாரத்தில் அந்த வாரத்தில் மற்றவர்கள் எதையெல்லாம் பார்த்ததாகப் பதிந்திருக்கிறார்கள் என்ற கணக்கோடு படத்தை ஒட்டிப் பார்த்துத்தான் ஒரு வரிசையைத் தருகிறது. ஆக, அந்த வரிசை பாதி படம், பாதி ஊர்க்கணக்கு.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், கேமரா பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்திருந்ததில் அதன் தேதி ஜனவரி 1க்குத் திரும்பிவிட்டது, நான் கவனிக்கவில்லை. மே மாதக் கடைசியில் கோத்தகிரியில் தங்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சைக் குருவி. வால் குட்டை, தலையில் நிறம் எதுவும் இல்லை. படத்தைக் கொடுத்தேன், கிரீனிஷ் வார்ப்ளர் என்றது. எனக்கும் சந்தோஷம். ராத்திரி பட்டியல் எழுதும்போதுதான் உறைத்தது, இந்தக் குருவிகள் எல்லாம் குளிர்காலத்துக்கு வந்துவிட்டு வடக்கே திரும்பிப் போயிருக்க வேண்டிய நேரமாயிற்றே, மே மாதக் கடைசியில் இது இங்கே என்ன செய்கிறது? படத்தின் தேதியைப் பார்த்தால் ஜனவரி. தேதியைத் திருத்தி அதே படத்தைத் திரும்பக் கொடுத்தேன். வார்ப்ளர் பட்டியலை விட்டே போய்விட்டது, முதலிடத்தில் தையல்சிட்டு. ஆமாம், தையல்சிட்டுக் குஞ்சுதான், உச்சந்தலையில் செம்மண் நிறம் இன்னும் சரியாக ஏறவில்லை, வாலும் வளரவில்லை. படம் அதே படம், தேதி மாறியதும் பறவையே மாறிவிட்டது. அதிலிருந்து பயணம் கிளம்பும் முன் பல் துலக்குகிற மாதிரி கேமரா தேதியைப் பார்த்துவிடுகிறேன்.

இதே காரணத்தால்தான் வாட்ஸாப்பில் வரும் படங்களை இதில் போட்டு வம்பு வளர்க்கக் கூடாது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவது ஒரு பக்கம், இடமும் தேதியும் கழன்று விழுந்துவிடுகின்றன. அனுப்புபவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எங்கே எப்போது என்று கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அக்கா மகளுக்கு இதை நான்கு முறை சொல்லியாகிவிட்டது.

சரி, இப்போது கோடியக்கரை. 1967ல் சரணாலயமான இடம், வெளிமானும் பூநாரையும் பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். ஆனால் டிசம்பர், ஜனவரியில் வேதாரண்யம் உப்பளப் பாத்திகளுக்குப் பக்கம் போய் நின்றால் சாம்பலும் பழுப்புமாக நூற்றுக்கணக்கில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் கரைப்பறவைகள்தான் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கும். பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அது என்ன பறவை என்று கேட்டேன். "உள்ளான் சார்." பக்கத்தில் இருப்பது? "அதுவும் உள்ளான்தான்." அந்தக் குட்டி? "அது குட்டி உள்ளான்." செயலியை விட அவர் சொன்னதில் பிழை குறைவு என்பதை அன்று மாலை ஒப்புக்கொண்டேன்.

முதல் பிரச்சினை, கொசு உள்ளான். கிட்டத்தட்டச் சிட்டுக்குருவி அளவுதான். லிட்டில் ஸ்டின்ட், டெம்மின்க்ஸ் ஸ்டின்ட் என்று நம்மூருக்கு வருவதில் இரண்டு உண்டு. முன்னதற்குக் கால் கறுப்பு, பின்னதற்கு மஞ்சள் கலந்த நிறம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் வரி இதுதான். ஆனால் உப்பளச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நிற்கும் பறவைக்குக் கால் என்ன நிறம்? சேற்று நிறம். செயலி ஒரு படத்துக்கு லிட்டில் என்றது, அதே பறவை பத்து நொடி கழித்துத் திரும்பி நின்ற படத்துக்கு டெம்மின்க்ஸ் என்றது. என்னோடு வந்த நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர், இருபது வருஷமாக அந்தப் பக்கம் சுற்றுகிறவர், என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "காலைப் பாக்காதீங்க தம்பி, அது கழுவிக்கிட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எப்படி மேயுதுன்னு பாருங்க" என்றார். லிட்டில் ஓடி ஓடிக் குத்துமாம், கூட்டமாக இருக்குமாம். டெம்மின்க்ஸ் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, அதிலும் நல்ல தண்ணீர்ப் பக்கம், குனிந்தபடி மெதுவாக ஊர்ந்து மேயும், பறக்கும்போது வாலோரம் வெள்ளை தெரியும். ஓடுவதும் ஊர்வதும் ஒரு படத்தில் எப்படி விழும்? செயலிக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி.

இரண்டாவது, உப்புக்கொத்தி. கிரேட்டர் சாண்ட் பிளவர், லெஸ்ஸர் சாண்ட் பிளவர். போதாதென்று இந்த லெஸ்ஸரை இரண்டாக உடைத்து டிபெட்டன், சைபீரியன் என்று தனித்தனி இனமாக்கிவிட்டார்கள், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் தளம் 2023ல் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. கிரேட்டருக்கு அலகு நீளம், கனம். அலகின் நீளத்தை, அலகு தொடங்கும் இடத்திலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும், அலகு அதைவிட நீண்டிருந்தால் கிரேட்டர் பக்கம் சாயலாம். படத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம் போல இருக்கிறதா? காலை பத்து மணிக்கு மேல் உப்பளத்தில் எடுத்த படத்தில் அளந்து பாருங்கள். தரையிலிருந்து எழும் கானல் அலகை ஒரு படத்தில் நீட்டுகிறது, அடுத்த படத்தில் சுருக்குகிறது. தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களில் ஐந்துக்கு லெஸ்ஸர் வகை, மூன்றுக்கு கிரேட்டர் என்றது செயலி. எட்டும் ஒரே பறவை, நகரவே இல்லை. இதில் செயலியைக் குற்றம் சொல்ல முடியாது, நான் கொடுத்தது கானலின் படம். மறுநாள் ஆறரை மணிக்கே போய், பறவைக்கு நேரே வயிற்றைத் தரையில் போட்டுப் படுத்து எடுத்ததில் எல்லாப் படத்துக்கும் ஒரே பதில். சட்டைதான் போச்சு.

மூன்றாவது கதையில் குற்றவாளி நான். ஒரு உள்ளான், அலகு நுனி கீழே வளைந்திருக்கிறது. செயலி கர்லியூ சாண்ட்பைப்பர் என்று முதலில் போட்டு, அதற்குக் கீழே டன்லின் என்றும் போட்டது. கர்லியூ சாண்ட்பைப்பர் அந்தப் பாத்தியில் எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறது. டன்லின் தென்னிந்தியாவில் அபூர்வம். எனக்கு எது வேண்டும்? அலகு கொஞ்சம் குட்டையாக இருக்கிற மாதிரி தெரிந்தது, கழுத்தும் குட்டை மாதிரி தெரிந்தது, வேண்டும் என்று நினைத்தால் எல்லாம் தெரியும். ஈபேர்டில் டன்லின் என்று ஏற்றிவிட்டேன். மூன்று நாளில் அங்கே பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மடல். ஒரு வார்த்தைகூடக் கடுமையாக இல்லை, பறக்கும்போது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா, இடுப்புப் பகுதி தெரிகிறதா என்று கேட்டிருந்தார். தேடினேன். இருந்தது, கலங்கலாக, அழிக்க மறந்த ஒன்று. இறக்கை விரிந்து, வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை. டன்லினாக இருந்திருந்தால் அந்த வெள்ளையின் நடுவே கறுப்புக் கோடு ஓடியிருக்கும். திருத்திவிட்டு நன்றி எழுதினேன், காது சூடாக இருந்தது.

அந்தக் கலங்கிய படத்தைச் செயலியிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று பிறகு போட்டுப் பார்த்தேன். பறவை எதுவும் தெரியவில்லை என்றது! அழகான படங்கள் சொல்லாததை அது சொல்லியிருக்கிறது, ஆனால் அதைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் இப்போதெல்லாம் பயணத்தில் இருக்கும்போது ஒரு படத்தையும் அழிப்பதில்லை. முதுகு, வயிறு, பறப்பது, இறக்கை நீட்டிச் சோம்பல் முறிப்பது, கால், வாலின் அடி என்று எதையும் விடுவதில்லை. உள்ளானிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஸ்னைப். விசிறிவால் உள்ளான் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும், ஊசிவால் உள்ளானுக்கு அது கிடையாது. அந்த ஊசிவாலையும் அதன் உறவான ஸ்வின்ஹோஸையும் பிரிக்க வாலோரத்து இறகுகளை எண்ணிப் பார்க்க வேண்டும், ஊசிவாலுக்கு அவை குண்டூசி போல மெலிந்திருக்கும். பறவை உட்கார்ந்து வாலை விரித்துச் சோம்பல் முறித்தால் உண்டு. அப்படி ஒரு படம் என்னிடம் இல்லை. இருந்தும் புல்லுக்குள் பதுங்கியிருந்த ஒன்றின் தலையை மட்டும் வைத்துச் செயலி ஒரு பெயர் சொன்னது, தயங்காமல்.

இந்தத் தயங்காமைதான் இதன் மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம். மைனாவுக்குச் சொல்லும் அதே முகத்தோடு ஸ்னைப்புக்கும் சொல்கிறது. இரண்டு திரைக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம், கீழே "இதுதான் என் பறவை" என்று ஒரே பொத்தான். முதல் முறை கேமரா வாங்கி மலைக்குப் போகிற ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தாமல் என்ன செய்வார்? பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. "இந்தப் படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது, வால் தெரிகிற மாதிரி இன்னொன்று கொடு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நட்சத்திரத்தைக் கூட்டியிருப்பேன்.

படத்தைப் போட்டால் மற்றவர்கள் சேர்ந்து பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் கணினியே பல நேரம், இன்ன பேரினம் என்பது வரை உறுதி, இனம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. பிறகு மனிதர்கள் வருகிறார்கள். ஒரு பெயர் நிலைக்க வேண்டுமென்றால் கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். என் நெட்டைக்காலி (பிபிட்) ஒன்று அங்கே மாதக்கணக்காகக் கிடக்கிறது. ஊட்டிக்குப் போகிற வழியில் வெட்டவெளியில் எடுத்தது. வயல் நெட்டைக்காலி, ரிச்சர்ட்ஸ், பிளைத்ஸ் மூன்றும் பழுப்பு, மூன்றும் கோடு, மூன்றும் நெட்டையாக நிமிர்ந்து நிற்கும். ஒருவர் ரிச்சர்ட்ஸ் என்றார், இன்னொருவர் பின்விரல் நகத்தைக் காட்டு என்றார், என் படத்தில் நகம் புல்லுக்குள். மூன்றாமவர் சத்தம் கேட்டாயா என்றார். கேட்டேன், ஆனால் என்ன சத்தம் என்று நினைவில்லை. கடைசியில் பேரினத்தோடு நிறுத்திவிட்டார்கள், நெட்டைக்காலிகளில் ஏதோ ஒன்று. நம் செயலி அரை நொடியில் முடித்துவைத்த வழக்கை மூன்று பேர் சேர்ந்து திறந்தே வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த மூன்று பேர் மேல்தான் நம்பிக்கை.

சத்தம் என்றதும் கதிர்க்குருவி. வார்ப்ளருக்குத் தமிழில் கதிர்க்குருவி என்று அருமையான பெயர் இருக்கிறது, ஆனால் களத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, "லீஃப் வார்ப்ளர் ஏதோ ஒண்ணு" என்பதுதான் பேச்சு. குளிர்காலத்தில் நீலகிரியில் எந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாலும் ஒன்று இருக்கும். கிரீனிஷ், கிரீன், லார்ஜ் பில்டு, வெஸ்டர்ன் கிரவுண்ட், டைட்லர்ஸ். எல்லாம் பச்சை, எல்லாம் கட்டைவிரல் அளவு, எல்லாவற்றுக்கும் புருவம், ஒன்றும் ஒரு நொடி ஒரே கிளையில் உட்காராது. கிரீன், கிரீனிஷ் இரண்டையும் முன்னே ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். கிரீனுக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் மஞ்சள் அதிகம் என்பார்கள், ஆனால் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை வழியாக வடிகட்டி விழும் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையே மஞ்சளாகத்தான் தெரியும். கேமராவின் வொயிட் பேலன்ஸ் ஒரு பக்கம் இழுக்க, எடிட் செய்யும்போது நாம் ஒரு பக்கம் இழுக்க, அந்த மஞ்சளை வைத்துச் செயலி முடிவெடுக்கிறது என்றால் என்ன சொல்வது.

ஆனால் வாயைத் திறந்தால் வேறு. கிரீனிஷ் இரண்டு அசையில் 'சிஸ்வீ' என்று முடிக்கும், கிரீன் அதையே மூன்று அசையாக இழுக்கும், லார்ஜ் பில்டு இரண்டு தட்டில் வரும் விசில் மாதிரி. எழுத்தில் இது கேலிக்கூத்தாக இருக்கும், கேட்டால் புரியும். ஆகவே நான் இப்போது செய்வது, பறவையை இரண்டு மூன்று படம் எடுத்ததும் கேமராவை வீடியோவுக்குத் தட்டி, பறவை திரையில் இருக்கிறதோ இல்லையோ, அந்த மரத்தை நோக்கி ஒரு நிமிஷம் ஓடவிடுவது. இலையை மட்டும் காட்டும் வீடியோக்கள் என்னிடம் ஏராளமாக இருக்கின்றன, வீட்டில் யாருக்கும் அவற்றின் அருமை தெரியவில்லை. அந்தச் சத்தத்தைச் செயலியின் ஒலிப் பகுதியிடம் கொடுத்துப் பார்த்தேன். கொண்டைக்குருவி, மைனா எல்லாம் சொல்கிறது, வார்ப்ளர் 'சிஸ்வீ'க்குப் பாதி நேரம் மௌனம்தான். மௌனமாவது இருக்கிறதே, படப் பகுதிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பருந்து கழுகு பக்கம் ஒரே ஒரு சம்பவம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் ஒரு டீக்கடை, மேலே ஒன்று வட்டமிட்டது. டீயை வைத்துவிட்டு மூன்று படம். செயலி முதல் படத்துக்குக் குடுமிப்பருந்து, இரண்டாவதுக்குப் பாம்பைத் தின்னும் குடுமிக் கழுகு, மூன்றாவதுக்குத் தேன் பருந்து என்றது. மூன்று படத்திலும் ஒரே பறவை, வானத்தில் வேறு எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் சரி. தேன் பருந்துக்கு நிறத்தை நம்பவே கூடாது, வெளுப்பிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை எந்தச் சட்டையிலும் வரும். தலையைப் பார்க்க வேண்டும். உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, புறாவினுடையது போல, கழுத்து நீண்டு வெளியே நிற்கும், மற்ற வேட்டைப் பறவைகளுக்கு இருக்கிற அந்தக் கோபப் புருவம் கிடையாது. குளவிக் கூட்டைப் பிய்த்துத் தின்கிற ஆளுக்கு எதற்குக் கோபம். ஒரே பறவையின் பல படங்களைச் சேர்த்துக் கொடுத்து மொத்தமாக ஒரு தீர்ப்பு கேட்க இந்தச் செயலியில் வழியில்லை, தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். எனக்கு அது பெரிய குறை. ஆனால் தனித்தனியாகக் கேட்பதிலும் ஒரு லாபம் உண்டு, எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் வந்தால் கொஞ்சம் நம்பலாம், ஆளுக்கொன்று சொன்னால் புத்தகத்தை எடுக்க வேண்டியதுதான்.

அளவு என்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் யானையும் எறும்பும் ஒரே உயரம். வெள்ளைக் கொக்கு தனியாக நின்றால் நடுத்தரமா பெரியதா என்று செயலிக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். வாய்ப் பிளவைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தில்கூட இது தெரியும். பக்கத்தில் எருமையோ வேறு கொக்கோ நின்றால் அதையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பறவையை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுக்கும் அவசரம் வேண்டாம்.

போன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வருகிற போன்களில் முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு என்று ஜூம் போகிறது இல்லையா, அதில் பாதி போன் தானே வரைவது. தெரியாத இடத்தில் இறகு மாதிரி ஒன்றை நிரப்பிக் கூர்மையாக்கித் தருகிறது. பார்க்க அழகு, ஆனால் இறக்கையில் ஒரு பட்டையா இரண்டு பட்டையா என்று பார்க்கும்போது அந்தப் பட்டை பறவையுடையதா போனுடையதா என்று யாருக்கும் தெரியாது. ஜூமைக் குறைத்துக்கொண்டு சின்னதாக எடுங்கள்.

கிளம்பும் முன் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பைச் செயலியில் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும், சோலைக்குள் சிக்னலைத் தேடி அலைய முடியாது. இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடுகிறது, அதில் குறையே சொல்ல முடியாது. போன் சார்ஜ்தான் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. முதல் முதலாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர், ஊர்ப் பறவைகள், மலைப் பறவைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு நாலரை. உள்ளான், நெட்டைக்காலி, கதிர்க்குருவி, வட்டமிடும் பருந்து என்று போகிறவர்களுக்கு இரண்டரைதான். அவர்கள் இதைச் சந்தேகப் பட்டியல் தயாரிக்கிற ஆளாக மட்டும் வைத்துக்கொண்டால் நன்றாக வேலை செய்யும். நான் அப்படித்தான் செய்கிறேன். செயலி சொல்லும் முதல் மூன்று பெயர்களை எழுதிக்கொள்வேன், ஈபேர்டோடு சேர்ந்த படக் கிடங்கான மெக்காலே லைப்ரரியைத் திறந்து, அந்த மூன்றையும் தமிழ்நாடு, ஜனவரி என்று வடிகட்டி மற்றவர்கள் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். புத்தகத்து ஓவியத்தில் எல்லாப் பறவையும் குளித்து முடித்து வந்து நிற்கும், இங்கே சேற்றுக் காலோடு, இறகு உதிர்ந்து, என் பறவையைப் போலவே இருக்கும். ஒரு பறவைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அப்படியும் முடியாவிட்டால் கணினியில் 'தெரியாதது' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் போட்டுவிடுவேன். அந்த நெட்டைக்காலியும் ஸ்னைப்பும் அங்கேதான் இருக்கின்றன.

தனுஷ்கோடியைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அங்கே எடுத்தது கடற்காகம். அதிலும் பெரும்பாலும் குஞ்சுப் பருவம், முழு வளர்ச்சிக்கு நாலு வருஷம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் வேறு சட்டை போடுகிற வகை. நாகப்பட்டினத்து அண்ணனிடம் போனில் சொன்னபோது, "ஆரம்பிக்காதீங்க தம்பி" என்று வைத்துவிட்டார். படங்கள் இன்னும் கார்டிலேயே கிடக்கின்றன, செயலியிடம் காட்டவில்லை.